டிஆர் (பேரிடர் மீட்பு) கன்சோலில் சர்வர் சேர்ப்பது: வாசகர் கேள்விகள்

கே: விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் மூன்று ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள், அவற்றுக்கு மேல் மூன்றையும் நிர்வகிக்க ஒரு விசென்டர் வைத்திருக்கிறோம். டிஆருக்காக வீம் என்ற பேக்கப் மென்பொருள் வாங்கியாயிற்று. மூன்று சர்வரையும் ஐபி எண் கொடுத்துத் தனித்தனியாகச் சேர்ப்பதா, விசென்டரை மட்டும் சேர்த்தால் போதுமா?
— வாசகர், ஓசூர்

ப: விசென்டரை மட்டும் சேருங்கள். அதையும் ஐபி எண்ணில் வேண்டாம், முழு டிஎன்எஸ் பெயரில் சேருங்கள். தனித்தனியாகச் சேர்த்தால், இன்று ஒன்றாம் சர்வரில் ஓடும் விஎம் நாளை விமோஷனில் (ஓடும்போதே சர்வர் மாற்றும் வசதி) மூன்றாவது சர்வருக்குப் போனதும், ரெப்ளிகேஷன் ஜாப் (டிஆர் தளத்துக்கு நகலெடுக்கும் வேலை) அதைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். விசென்டர் வழியாகச் சேர்த்த விஎம் எந்த சர்வருக்கு நகர்ந்தாலும் ஜாபுக்குத் தெரியும்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த கட்டத்தில். விசென்டர் சேர்ந்துவிடும், விஎம் பட்டியலும் அழகாக வரும். ஜாபை ஓட்டினால் மட்டும் தோற்கும். காரணம் இதுதான்: பட்டியலைத் தருவது விசென்டர், அதற்கு 443 போர்ட் போதும். டேட்டாவை நெட்வொர்க் வழியாக எடுக்கும்போது பிராக்ஸி (வீமுக்காக டேட்டாவை நகர்த்தும் கணினி) நேராக ஈஎஸ்எக்ஸ்ஐயிடம் போகும். அதற்கு 902 போர்ட் வேண்டும். எந்த ஈஎஸ்எக்ஸ்ஐயிடம் போக வேண்டும் என்பதை விசென்டர் பெயராகத்தான் சொல்லும். அந்தப் பெயர் பிராக்ஸியின் டிஎன்எஸ்ஸில் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. ஆகவே வீம் சர்வரிலும் ஒவ்வொரு பிராக்ஸியிலும் உட்கார்ந்து, மூன்று ஈஎஸ்எக்ஸ்ஐ பெயர்களையும் என்எஸ்லுக்அப் (பெயருக்கு ஐபி எண் கிடைக்கிறதா என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். 443, 902 இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று அங்கிருந்தே சோதியுங்கள். அதன் பிறகு சர்வர் சேர்க்கும் விஸார்டைத் திறந்தால் போதும்.

வீமுக்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். உரிமையை விசென்டரின் உச்சியில் கொடுத்து, கீழே உள்ளவற்றுக்கும் பரவும்படி டிக் செய்யுங்கள்; நடுவில் ஏதோ ஒரு ஃபோல்டரில் கொடுத்தால் பாதி விஎம்கள் கண்ணில் படாது. விசென்டர் சான்றிதழைப் புதுப்பிக்கும் நாளில் இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம்: கன்சோலில் அந்த சர்வரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, புதிய சான்றிதழை ஏற்றுக்கொண்டு விஸார்டை முடித்தால் சரியாகிவிடும்.

இலவச லைசென்ஸில் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ இருந்தால் அதை இதில் பாதுகாக்க முடியாது. பேக்கப் மென்பொருள்களுக்கு வேண்டிய ஏபிஐ (பிற மென்பொருள் பேசும் வழி) அந்த லைசென்ஸில் பூட்டப்பட்டிருக்கிறது.

கே: பழைய விசென்டர் கெட்டுப்போனதால் புதிதாக ஒன்று நிறுவி, அதே சர்வர்களை அதில் சேர்த்தோம். விஎம் பெயர் எதுவும் மாறவில்லை. ஆனாலும் எல்லா ஜாபும் ‘ஆப்ஜெக்ட் கிடைக்கவில்லை’ என்கிறது. ஏன்?
— வாசகர், திருச்சி

ப: ஜாப் பெயரைப் பார்ப்பதே இல்லை. விசென்டர் ஒவ்வொரு விஎம்முக்கும் தன் கணக்கில் ஓர் அடையாள எண் கொடுக்கிறது, மோரெஃப் என்பார்கள். ஜாப் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். விசென்டர் புதிது என்றால் எண்ணும் புதிது, வீமைப் பொறுத்தவரை விஎம்மும் புதிது. விசென்டரை மாற்றாமலேயே இதைக் கெடுத்துக்கொள்ளலாம்: ஒரு சர்வரை ‘டிஸ்கனெக்ட்’ செய்து மறுபடி இணைத்தால் எண் மாறாது, இன்வென்டரியிலிருந்து ‘ரிமூவ்’ செய்து சேர்த்தால் மாறிவிடும். விஎம்மை ரிமூவ் செய்து மீண்டும் ரெஜிஸ்டர் செய்தாலும் அதே கதி.

இப்போது செய்ய வேண்டியது: புதிய விசென்டரைச் சேர்த்து, ஜாபில் விஎம்களைப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். ‘ரெப்ளிகா மேப்பிங்’ பகுதியில், டிஆர் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் நகலைக் கை காட்டுங்கள். முதல் ஓட்டத்தில் இரு பக்க டிஸ்க்கையும் முழுதாகப் படித்து ஒப்பிடும், நேரம் பிடிக்கும். ஆனால் லைனில் போவது வித்தியாசம் மட்டுமே. இதைச் செய்யாமல் ஜாபை ஓட்டினால் அத்தனை டேட்டாவும் முதலிலிருந்து கிளம்பும்.

கே: டிஆர் தளத்துக்கு எவ்வளவு வேகமான லைன் வேண்டும்? மொத்த டேட்டா 2 டிபி. ஒரு நாளில் மாறுவது சுமார் 60 ஜிபி.
— வாசகர், கோயம்புத்தூர்

ப: 60 ஜிபியை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் 5.6 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) போதும் என்று காகிதம் சொல்லும். அதை நம்பி லைன் வாங்காதீர்கள். அலுவலகம் இயங்கும் 10 மணி நேரத்தில்தான் மாற்றமெல்லாம் நடக்கிறது என்றால் அதுவே 13 எம்பிபிஎஸ் ஆகிவிடும். இழப்பு 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று நிர்வாகம் கேட்டால் சராசரியே வேண்டாம். மிகப் பரபரப்பான 15 நிமிடத்தில் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பாருங்கள். அது 4 ஜிபி என்றால், 900 நொடியில் தள்ள 36 எம்பிபிஎஸ் வேண்டும். சிறிது இடம் விட்டு 50 எம்பிபிஎஸ் எடுக்கலாம். கம்ப்ரெஷன் மிச்சப்படுத்தும், ஆனால் அதை முன்கூட்டியே கணக்கில் கழிக்காதீர்கள்.

இரவில் டேட்டாபேஸ் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் வேலை ஓடுகிறதா? பயனர் ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில்தான் டிஸ்க் மிக அதிகமாக மாறும். பேஜ் ஃபைலை (மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும் தற்காலிகக் கோப்பு) தனி டிஸ்க்கில் வைத்து அதை ரெப்ளிகேஷனிலிருந்து விலக்குவதும் நல்லது.

முதல் 2 டிபியை லைனில் அனுப்ப நினைக்காதீர்கள்: 50 எம்பிபிஎஸ்ஸை முழுதாகக் கொடுத்தாலும் மூன்றே முக்கால் நாள் ஆகும். பேக்கப்பை ஹார்ட் டிஸ்க்கில் என்க்ரிப்ட் செய்து எடுத்துப் போய், டிஆர் தளத்தில் ரெப்பாசிட்டரியில் (பேக்கப் சேமிப்பிடத்தில்) ஏற்றி, ஜாபில் ‘சீடிங்’ (அந்த பேக்கப்பிலிருந்தே முதல் நகலை உருவாக்குவது) தேர்ந்தெடுங்கள்.

கே: மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில், இரண்டு நோட் (சர்வர்) சேர்ந்த கிளஸ்டர் இரு பக்கமும் இருக்கிறது. அதிலேயே உள்ள நகலெடுக்கும் வசதியான ஹைப்பர்-வி ரெப்ளிகாவை இயக்கினால் இணைப்பு ஏற்படவில்லை.
— வாசகர், மதுரை

ப: டிஆர் பக்கம் நோட் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். கிளஸ்டரில் ‘ரெப்ளிகா புரோக்கர்’ ரோலை (மொத்த கிளஸ்டருக்கும் ஒரே பெயரில் பதில் சொல்லும் இடைத்தரகர்) சேர்த்து, அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். இரு பக்கமும் புரோக்கர் வேண்டும். ஒரே டொமைனில் இருந்தால் கெர்பரோஸ் (டொமைன் வழியாக அடையாளம் சரிபார்க்கும் முறை), 80 போர்ட். இல்லையென்றால் சான்றிதழ், 443 போர்ட். புரோக்கருக்கும் ஒவ்வொரு நோடுக்கும் செல்லுபடியாகும் சான்றிதழ்கள் வேண்டும்; அவற்றில் கிளையன்ட், சர்வர் இரண்டு உபயோகமும் குறித்திருக்க வேண்டும். ரெப்ளிகாவை இயக்கினாலும் விண்டோஸ் ஃபயர்வால் விதி தானாகத் திறக்காது; எல்லா நோடிலும் நீங்கள்தான் திறக்க வேண்டும். ரெப்ளிகேஷன் இடைவெளிக்கு 30 நொடி, 5 நிமிடம், 15 நிமிடம் மூன்றே தேர்வுகள்.

கே: எல்லா ஜாபும் முடிகிறது. ஆனால் டிஆர் நகலில் ஒரு விஎம்முக்கு ‘டி’ டிரைவையே காணோம்.
— வாசகர், சென்னை

ப: அந்த டிஸ்க் ‘இண்டிபெண்டன்ட்’ ஆகவோ, ஃபிசிக்கல் முறை ஆர்டிஎம் (ஸ்டோரேஜ் டிஸ்க்கை நேரடியாக விஎம்முக்குக் கொடுப்பது) ஆகவோ இருக்கும். இவை ஸ்னாப்ஷாட்டில் (ஒரு கணத்தில் விஎம் இருந்த நிலையின் பதிவு) சேராது. ஸ்னாப்ஷாட்டில் சேராததை நகலெடுக்க வழியில்லை. ஜாப் லாக்கில் மஞ்சள் எச்சரிக்கை இருந்திருக்கும், பச்சையைப் பார்த்தே பழகிய கண்ணுக்குத் தெரிந்திருக்காது. விஎம்முக்கு உள்ளேயிருந்து ஐஸ்கஸியில் (நெட்வொர்க் வழியாக) இணைத்த டிஸ்க்கும் இப்படித்தான் விடுபடும். இண்டிபெண்டன்ட் டிஸ்க்கை, விஎம்மை நிறுத்தி சாதாரண டிஸ்க்காக மாற்றலாம். ஆர்டிஎம்மை வெர்ச்சுவல் முறைக்கு மாற்றலாம். ஐஸ்கஸி டிஸ்க்குக்கு, விஎம்முக்கு உள்ளே வீமின் ஏஜென்ட் போடுவதைத் தவிர வழியில்லை.

ஒரு எச்சரிக்கை: டிரைவ் இருக்கிறதா என்று பார்க்க டிஆர் விஎம்மை விசென்டரிலிருந்து நேராக ஆன் செய்துவிடாதீர்கள். அது நகலின் கடைசி ஸ்னாப்ஷாட்டில் எழுதத் தொடங்கும்; அடுத்த ரெப்ளிகேஷன் கெடும். வீமிலேயே ஃபெயிலோவர் (நகலை இயங்க வைப்பது) கொடுத்துப் பார்த்துவிட்டு ‘அன்டூ’ செய்யுங்கள். அதற்கு முன், வெளி இணைப்பே இல்லாத போர்ட் குரூப்பில் (தனி மெய்நிகர் நெட்வொர்க்கில்) அந்த விஎம்மின் நெட்வொர்க்கை மாட்டுங்கள். இல்லையென்றால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் எழுந்து, ஓடிக்கொண்டிருக்கும் அசலும் சேர்ந்து தடுமாறும்.