தனிமையை ஆன்மீக வளர்ச்சியின் ஒரு பகுதியாக எப்படி ஏற்றுக்கொள்வது?

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் தனியாக இருப்பதாகவும், தியானத்துக்கு உட்கார்ந்தால் அமைதி வராமல் அழுகைதான் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்பக்கம் 4 விசைத்தறிகள் ஓடின. அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். மனைவி இறந்த மறு வருடம் தறிகளை விற்றுவிட்டேன். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தறி இருந்த தரையில் போல்ட் பிடுங்கிய குழிகள் மட்டும் மிஞ்சின. காலையில் எழுந்ததும் ஏதாவது சத்தம் வேண்டும் என்பதற்காகவே டிவியைப் போட்டுவிடுவேன்.

ஒரு புதன்கிழமை ஏற்காடு பஸ் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, அப்புறம் காபித் தோட்டங்கள் வழியாக நடந்து சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். 1,600 மீட்டருக்கு மேல் உயரம். காற்று விடாமல் அடிக்கும். கோயில் என்பது ஒரு குகைதான், குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களே திரண்டு வரும். அன்றைக்குப் பூசாரியும் நானும்தான். கும்பிட்டுவிட்டு வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.

அமைதி வரும் என்று காத்திருந்தேன். தம்பி வந்து நின்றான். சொத்துப் பிரித்ததிலிருந்து 11 வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் மனதுக்குள் அவனோடு பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. என் கேள்வியையும் அவன் பதிலையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்துக்கு அடியில் இத்தனை வருடமும் தினமும் இதே பஞ்சாயத்து நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தறி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், ஓர் இழை அறுந்தால் ஓடுகிற ஓட்டத்தில் கண்ணில் படாது. துணியில் கோடு விழுந்த பிறகு தறியை நிறுத்தித்தான் அறுந்த இடத்தைத் தேட வேண்டும்.

அதனால் அழுகை வருவதைத் தியானம் கைகூடாததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரட்டும். நான் செய்தது இவ்வளவுதான்: காலை 5 மணிக்கு, தறி இருந்த அதே இடத்தில் பாய் போட்டு 20 நிமிடம் உட்காருவேன். போன் அடுத்த அறையில் இருக்கும். தம்பி நினைவு வந்தால் விரட்ட மாட்டேன், கூடவே போகவும் மாட்டேன். வந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்புவேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் மனதுக்குள் நடந்த அந்தப் பஞ்சாயத்து பாதியில் நின்று, பாகம் பிரித்த நாள் முழுதாக நினைவுக்கு வந்தது. புதுத் தறிகள் இரண்டும் மூத்தவன் என்று என் பக்கம் வந்தன. அவனுக்குப் பழையவை. நான் வாயே திறக்கவில்லை. இந்த இடத்தை மட்டும் 11 வருடமாகத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன்.

தனிமை என்றதும் வீட்டை விட்டு மலைக்குப் போவதைச் சிலர் நினைக்கிறார்கள். ரமணர் 1899 முதல் 1916 வரை திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் இருந்தார். அங்கேயும் அவரைத் தேடி ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பிற்காலத்தில் விடியும் முன்பே ஆசிரமச் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். தனிமை மனதில் இருக்கிறது, காட்டிலும் மனம் அலையலாம், கூட்டத்திலும் அது அடங்கியிருக்கலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். மாதம் ஒரு முறை சேர்வராயன் மலைக்குப் போவது எனக்குப் பிடிக்கும். ஆனால் வேலை நடப்பது அம்மாப்பேட்டைப் பாயில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்தால், அதைத் தியானத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மனைவி போன புதிதில் எனக்கு முதலில் தேவைப்பட்டது மருத்துவர்தான். பாய் விரித்ததெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, தம்பி விஷயம். அவன் வீடு இருப்பது குகையில். சேலத்தில் அது ஒரு பகுதியின் பெயர். போன தை மாதம் அங்கே போனேன். "வாங்க மாமா" என்று தம்பி மனைவி நாற்காலி எடுத்துப் போட்டது. அரை மணி நேரம் நூல் விலையைப் பற்றியே பேசினோம். அந்தப் பழைய தறிகளைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். தம்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"குடிண்ணா, ஆறிப்போகுது."