மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடி, ஆஃபீஸ் வேகுது: ஃபில்ம் ஒட்டறதா, ஏசி கூட்டறதா?

கேள்வி சுருக்கமா இதுதான். மூணு மாடி ஆஃபீஸ், வாடகை பில்டிங், மேற்குப் பக்கம் தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி. மதியம் மூணு மணிக்கு மேல ஜன்னலோரம் உக்காந்திருக்கறவங்க வேகறாங்க, நடு வரிசையில இருக்கறவங்க குளிருதுன்னு ஸ்வெட்டர் போடறாங்க. ஒரு கன்சல்டன்ட் வந்து பாத்துட்டு கறுப்பு ஃபில்ம், கூடுதலா 5 டன் ஏசி, மாடியில சோலார், இதெல்லாம் செஞ்சா கிரீன் சர்டிஃபிகேட் வாங்கித் தரேன்னு எல்லாத்தையும் ஒரே கொட்டேஷன்ல போட்டுக் குடுத்திருக்கார். கையெழுத்துப் போடலாமா?

வேண்டாங்க. இப்போதைக்குப் போடாதீங்க. அந்தக் கொட்டேஷன்ல உங்க பிரச்னைக்கான மருந்து எதுவுமே இல்ல.

பிரச்னை ஏசி பத்தாததுனால வரல, வெயில் உள்ள வர்றதுனால வருது. வெயில் கண்ணாடி வழியா சுலபமா உள்ள வந்துடும், வந்து மேஜை, தரை, ஆளுங்கன்னு பட்ட இடத்தையெல்லாம் சூடாக்கும், ஆனா அந்தச் சூடு அதே மாதிரி வெளிய போறதுக்குக் கண்ணாடி விடாது. ஒரு சின்னக் கணக்கு பாருங்க. சாயங்கால வெயில் நேரா அடிக்கிற மேற்குச் சுவர்ல ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் விழுதுன்னு வச்சுக்கோங்க, சாதா ஒத்தைக் கண்ணாடி அதுல 80 சதவீதம் கிட்ட உள்ள விட்டுடும். அப்போ 10 சதுர மீட்டர் கண்ணாடி வழியா சுமார் 4,800 வாட் சூடு உள்ள வருது. ஒரு டன் ஏசி வெளியேத்தற சூடு 3,500 வாட்தான். அதாவது நாலஞ்சு ஜன்னலுக்கே ஒண்ணேகால் டன்னுக்கு மேல சரியாப் போச்சு. இதோட ஜன்னலோரம் இருக்கறவருக்கு அந்தச் சூடான கண்ணாடியே அடுப்பு மாதிரி மேல வீசிக்கிட்டிருக்கும், காத்து 24 டிகிரி இருந்தாலும் அவருக்கு வேகும், அவருக்காக 20க்குக் குறைச்சா நடு வரிசை நடுங்கும். ரெண்டு பக்கமும் சொல்ற புகார் உண்மைதான், யாரும் சும்மா சொல்லல.

அதனால வெயிலைக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்துங்க. உள்ள பிளைண்ட்ஸ் போட்டா கண் கூசறது போகும், சூடு பெருசா போகாது, ஏன்னா வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துருச்சு. அதே துணியை வெளிய கட்டினா நிலவரமே வேற. இன்னொண்ணு, மேற்குல ஜன்னலுக்கு மேல நீட்டற சன்ஷேட் போடச் சொல்லி யாராவது வந்தா நம்பாதீங்க, சாயங்கால சூரியன் தாழ்ந்து நேரா மூஞ்சிக்கு வரும், சன்ஷேட்டுக்குக் கீழ புகுந்து வந்துடும். செங்குத்தா நிக்கிற பட்டைங்க, அதுவும் கொஞ்சம் திருப்பி வச்சது, இல்ல ஓட்டை போட்ட ஸ்கிரீன், இல்ல இறக்கி ஏத்தற வெளித்திரை, இதுல ஒண்ணு வேணும்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1933ல பாரீஸ்ல லெ கொர்பூசியேங்கற பெரிய கட்டடக் கலைஞர் சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்குக் கட்டின விடுதியில தெற்குப் பக்கம் முழுக்க திறக்க முடியாத கண்ணாடி, கூட வரவேண்டிய குளிரூட்டற ஏற்பாடு காசு இல்லாம வரவே இல்ல, கோடையில உள்ள இருந்தவங்க தவிச்சுப் போனாங்க. பின்னாடி அதே கட்டடத்துக்கு வெளிப்பக்கம் வெயில் தடுப்பு கட்ட வேண்டி வந்துச்சு. தொண்ணூறு வருஷம் ஆச்சு, இன்னும் அதே கண்ணாடிப் பெட்டியைக் கட்டி அதுக்கு 'மாடர்ன்'னு பேர் வைக்கிறாங்களேன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு.

இப்போ ஃபில்ம் விஷயம், இதை நிதானமா படிங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க. கறுப்பு ஃபில்ம் வெயிலைத் திருப்பி அனுப்பாது, பெரும்பகுதியைத் தானே குடிச்சுக்கும், அப்போ கண்ணாடி சூடேறும். கண்ணாடியோட நடுப்பகுதி சூடா, ஃபிரேமுக்குள்ள இருக்கற ஓரம் குளுமையா இருந்தா அந்த இழுபறியில கண்ணாடி ஓரத்துலேர்ந்து விரிசல் விடும். டஃபன்டு கண்ணாடின்னா, அதாவது சூடேத்திக் குளுமையாக்கி உறுதியாக்கினதுன்னா, தாங்கும். சாதா கண்ணாடி, அதுவும் ஏற்கெனவே கலர் போட்டது, உள்ள கம்பி வலை வச்சது, இல்ல ரெண்டு அடுக்கு சீல் பண்ணினது, இதுக்கெல்லாம் ஆபத்து அதிகம். உங்களோடது டஃபன்டான்னு தெரியணும்னா மூலையில சின்னதா முத்திரை இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ஃபில்ம் கம்பெனிகிட்ட உங்க கண்ணாடிக்கு இந்த ஃபில்ம் பொருந்தும், விரிசல் விட்டா மாத்தித் தரோம்னு எழுத்துல வாங்குங்க. எழுதித் தராதவர் ஒட்டவே வேண்டாம். பளபளன்னு முகம் பாக்கற கண்ணாடி மாதிரி மின்னற ஃபில்ம் தேவலாம், வெயிலைத் திருப்பும், ஆனா எதிர்ல யார் இருக்காங்கன்னும் பாருங்க: 2013ல லண்டன்ல 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்ங்கற டவரோட உட்குழிஞ்ச கண்ணாடி முகப்பு வெயிலைக் குவிச்சுத் தெருவுல நின்ன காரோட பாகங்களையே உருக்கிருச்சு, அப்புறம்தான் அங்க வெளித்தடுப்பு போட்டாங்க. உங்க சுவர் தட்டை, அந்த அளவுக்குப் போகாது, எதிர்வீட்டுக்காரருக்குக் கூசும்.

5 டன் ஏசி வேண்டவே வேண்டாம். தேவைக்கு மேல பெரிய மெஷின் காத்தைச் சட்டுனு குளுமையாக்கிட்டு நின்னுடும், மறுபடி ஓடும், மறுபடி நிக்கும், ஈரத்தை இழுக்க நேரமே கிடைக்காது, ரூம் ஜில்லுனு ஆனா கசகசன்னு இருக்கும். டன் கூட்டச் சொல்றவர் தரை அளவை மட்டும் அளந்தாரா, கண்ணாடி அளவையும் அளந்தாரான்னு கேளுங்க.

சோலார் நல்லது, செய்யுங்க, ஆனா கடைசில. அது கரண்ட் பில்லைக் குறைக்கும், யாரோட முதுகுலயும் அடிக்கிற வெயிலைக் குறைக்காது.

சர்டிஃபிகேட்டைப் பத்தி மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். அந்த முறை கெட்டதில்ல, நடுவுல நிக்கிற ஆளுங்க கெடுக்கறாங்க. பாயிண்ட் சேத்தாப் போதும்னு சைக்கிள் ஸ்டாண்டு, கார்பெட், பெயிண்ட்னு சுலபமானதையெல்லாம் பொறுக்கி எடுப்பாங்க, மேற்குக் கண்ணாடி அப்படியே இருக்கும். உங்களது ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கற பில்டிங், லீட் (LEED)ங்கற கிரீன் சர்டிஃபிகேட் முறையில அதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, அதுல நிஜமா ஓடின மின்சாரக் கணக்கைக் கேப்பாங்க. உங்க ஆள் அந்தப் பிரிவைச் சொல்றாரா, இல்ல உள் அலங்காரத்துக்கு மட்டும் தர்றதைச் சொல்றாரா? கேட்டா முகம் மாறும் பாருங்க. ஃபில்மும் ஏசியும் சர்டிஃபிகேட்டும் ஒரே ஆள் விக்கிறார்னா அவர் ஆலோசகர் இல்ல, வியாபாரி.

கண்ணாடியையே பிடுங்கிப் போட்டுட்டு டபுள் கிளேசிங், அதாவது ரெண்டு அடுக்குக் கண்ணாடி, மாத்தணும்னும் அந்தக் கன்சல்டன்ட் அடுத்து வருவார். நியூயார்க்ல எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல 6,514 ஜன்னலையும் தூக்கிப் போடல, இருந்த கண்ணாடியையே கழட்டி, அந்தக் கட்டடத்துக்குள்ளயே சுத்தம் பண்ணி, நடுவுல ஒரு ஃபில்ம் வச்சு மறுபடி மாட்டினாங்க. நல்லா இருக்கற கண்ணாடியை குப்பைக்கு அனுப்பிட்டு அதுக்கு கிரீன்னு பேர் வைக்கிறதை என்னால ஏத்துக்கவே முடியாது.

உங்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை ஓனர்தான். தடுப்பு கட்டற செலவு அவரோடது, கரண்ட் பில் உங்களோடது, அவருக்கு என்ன அவசரம்? அதனால முதல்ல கீழ் மாடியில ரெண்டு ஜன்னலுக்கு மட்டும் வெளிப்பக்கமா நிழல்வலை கட்டுங்க, கண்ணாடியை ஒட்டாம ஒரு சாண் தள்ளி, காத்துல பிய்யாத மாதிரி இறுக்கமா. பக்கத்துல ரெண்டு ஜன்னலை அப்படியே விடுங்க. ஒரு வாரம், தினம் நாலு மணிக்கு, ரெண்டு பக்கத்துக் கண்ணாடியோட உள்பக்கச் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல அளந்து எழுதி வைங்க, அங்க உக்காந்தவங்களையும் கேட்டு எழுதுங்க. அந்தத் தாளோட ஓனர்கிட்ட போங்க, வாடகை அக்ரிமெண்ட் புதுப்பிக்கறதுக்கு முன்னாடி போங்க, புதுப்பிச்ச அப்புறம் அவர் ஃபோனே எடுக்க மாட்டார்.