பனிமூட்டத்தில் இறம்பொடை, நுவரெலியா, ஹட்டன்: எந்தப் பக்கத்தால் ஏறுவது, எங்கே திரும்புவது?

கேள்வி: ஜூலை நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் தங்குகிறோம். ஒரே நாளில் இறம்பொடை, சென் கிளேயர், டெவோன் நீர்வீழ்ச்சிகளையும் நுவரெலியாவையும் பார்த்துவிட்டுக் கண்டிக்குத் திரும்ப எண்ணம். ஒன்பது பேர், டீசல் வான், மனுவல் கியர். அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சிறுவர்கள் இரண்டு பேர். ஓட்டப்போவது நான்தான்; மலைப்பாதையில் அதிகம் ஓட்டியதில்லை. அந்த மாதம் முழுக்கப் பனிமூட்டம் என்கிறார்கள். போகலாமா, போனால் எப்படி?

பதில்: போகலாம். ஆனால் எந்தப் பக்கத்தால் ஏறுகிறீர்கள் என்பது முக்கியம். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுங்கள். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக இறங்குங்கள். சுற்று முழுவதும் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். இறம்பொடை நீர்வீழ்ச்சி 945 மீற்றரில் இருக்கிறது. மாலையில் களைத்துப்போய், ஆட்கள் நிறைந்த வானுடன், அந்த 900 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கத்தை ஒரே மூச்சில் இறங்கினால் பிரேக் ஆறுவதற்கு இடமே கிடையாது. ஹட்டன் பக்கம் அப்படியில்லை. தலவாக்கலை வரை ஓர் இறக்கம், அங்கிருந்து ஹட்டன் வரை ஏற்றமும் இறக்கமுமாக ஏறத்தாழ ஒரே மட்டம், பிறகு கினிகத்தேனை கணவாயில் இன்னோர் இறக்கம். இடையில் பிரேக் நன்றாகவே ஆறிவிடும். செங்குத்தான இறம்பொடைப் பக்கத்தை ஏற்றமாக வைத்துக்கொண்டால் அங்கே வேலை செய்வது எஞ்சின்தான், பிரேக் அல்ல.

ஜூலைப் பனிமூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் நாளைத் திட்டமிடுவது எளிது. ஜனவரி, பெப்ரவரியில் இரவுக் குளிரால் பள்ளத்தாக்குகளில் படியும் பனி, வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஜூலையில் வருவது வேறு. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவந்து மேற்குச் சரிவுகளில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிறது. வீதியில் நீங்கள் காணும் மூட்டம் அந்த மேகமேதான். ஒன்பது மணிக்குக் கலைந்துவிடும் என்று விடுதியில் காத்திருந்தால் பகல் வெளிச்சம்தான் வீணாகும். ஆனால் மேகத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் காட்சி தெளிவாகவே இருக்கும்.

ஆகவே புசல்லாவையைக் கடக்கும்போது பாதுகாப்பான ஓர் இடத்தில் வானை ஓரங்கட்டி, எதிர்மலைகளை மேகம் எந்த உயரத்தில் மறைக்கிறது என்று பாருங்கள். உங்கள் தலைக்கு நன்றாக மேலே, மலைகளின் மேல்பாதியில் மட்டும் மேகம் நின்றால் நாள் நல்லது. இறம்பொடை தெளிவாகத் தெரியும். 1,200 மீற்றர் அளவில் இருக்கும் தலவாக்கலைப் பக்கத்து அருவிகளான சென் கிளேயரும் டெவோனும் பெரும்பாலும் தெரியும்; நுவரெலியாவும் அதை ஒட்டிய வீதியும் மட்டும் மூட்டத்துக்குள் இருக்கும். மேகம் உங்கள் மட்டத்துக்கே இறங்கியிருந்தால் சென் கிளேயரையும் டெவோனையும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையுமே நீங்கள் ஹட்டனுக்குப் போகும் ஏ7 வீதியிலிருந்து பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறமாகத்தான் பார்க்க முடியும். இடையில் மேகம் புகுந்தால் தெரிவது வெறும் வெள்ளை. இறம்பொடையை அருகிலிருந்தே பார்க்கலாம். பனிமூட்ட நாளில் நம்பிப் போகக்கூடியது அதுதான். அங்கே ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தாலும் தகும்.

நேரக்கணக்கு இப்படி இருக்கட்டும். காலை 5:30க்குக் கண்டியை விட்டால் கம்பளைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும்போது நன்றாக விடிந்திருக்கும். எட்டு மணிவாக்கில் இறம்பொடை. பத்து மணிக்குள் நுவரெலியா. பதினொன்றுக்கு அங்கிருந்து புறப்பட்டு, மதியத்துக்குப் பிறகு தலவாக்கலை அருவிகள், இரண்டு மணிக்கு ஹட்டன். பிற்பகல் 3:30க்குள் கினிகத்தேனையைத் தாண்டிவிட வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பகுதி நாட்டிலேயே மிக அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. இருட்டும் மழையும் மூட்டமும் சேரும்போது அங்கே இருக்கக் கூடாது. நேரம் பிந்தினால் நுவரெலியாவில் செலவழிக்கும் நேரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். 5:30க்கு முன்பே புறப்பட்டு மலையில் இருட்டில் ஓடுவதும் வேண்டாம். 2025 மே 11 அதிகாலையில் நீங்கள் ஏறப்போகும் இதே ஏ5 வீதியில், கொத்மலை கரண்டியெல்லவில், பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

இனி வான். பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தால் புறப்படுமுன் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக்கை அழுத்தி இறங்கும்போது அந்த வெப்பம் வந்துவிடுகிறது. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. தட்டை நிலத்தில் எந்தக் குறையும் காட்டாத பிரேக் மலையில் கைவிடுவதற்கு இதுவே முக்கிய காரணம். டயரில் பட்டன் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஈர வீதிக்கு அது போதாது. வைப்பர் றப்பரைப் புதிதாகப் போடுங்கள். பின் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று ஓர் ஆளைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். மூட்டத்தில் உங்களைக் காப்பது முன் விளக்கைவிடப் பின் விளக்குத்தான்.

இறங்கும்போது, அதே சரிவை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, சில இடங்களில் மூன்றாவது. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் ஏறிய பிறகு குறைக்கப்போய்க் கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால் பெரும் ஆபத்து. பிரேக்கை லேசாக நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருக்காமல், உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். எரிந்த வாடை வந்தாலோ பெடல் வழமையைவிட ஆழமாகப் போனாலோ உடனே இடம் பார்த்து நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிஸ்க் வளைந்துவிடும், டிரம் வெடிக்கவும் கூடும். புறப்படும்போது கல்லை வீதியிலிருந்து எடுத்துப் போடுங்கள். மூட்டத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது யமன். ஹைப்ரிட் கார் ஓட்டும் வாசகர்களுக்கு: இறக்கத்தில் கியரின் ‘பி’ (B) நிலையைப் பயன்படுத்துங்கள். மின்கலம் நிறைந்துவிட்டால் மின்மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பது குறைந்து, பாரமெல்லாம் சாதாரண பிரேக்கில் விழும்.

மூட்டத்துக்குள் என்ன வேகம்? ஈர வீதியில், சாரதி உணர்ந்து பிரேக் அழுத்த ஒன்றரை வினாடி எடுத்தால், மணிக்கு 40 கிலோமீற்றரில் நிற்க 32 மீற்றர் அளவு தேவை. 30இல் 21 மீற்றர், 20இல் 12 மீற்றர். இறக்கத்தில் இவை இன்னும் கூடும். ஒடுங்கிய வீதியில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும் என்பதால், தெரியும் தூரத்தின் பாதிக்குள் உங்களால் நிற்க முடிய வேண்டும். 50 மீற்றர் தெரிந்தால் 30க்கு மேல் போகாதீர்கள். 25 மீற்றர்தான் தெரிகிறது என்றால் 20. தூரத்தை அளக்க வீதியோர மின்கம்பங்கள் உதவும். அவற்றின் இடைவெளி பொதுவாக 40 முதல் 50 மீற்றர். அடுத்த கம்பமே தெரியாவிட்டால் 20தான். அதுவும் முடியாமல் வீதியின் வெள்ளைக்கோடே மறைந்தால், முழுதாக வீதிக்கு வெளியே ஒதுங்கக்கூடிய இடத்தில் நின்றுவிடுங்கள். வளைவிலோ வீதியின் மேலோ நிற்காதீர்கள். ஒதுங்கிய பிறகு நான்கு சிக்னலையும் எரியவிட்டு, எல்லோரும் வீதிப்பக்கம் அல்லாத கதவால் இறங்கி வானிலிருந்து தள்ளி நில்லுங்கள். பள்ளத்தாக்குப் பக்கம் நிறுத்தியிருந்தால் இறங்குமுன் விளிம்பைப் பாருங்கள்.

விளக்கு ‘டிம்’மிலேயே இருக்கட்டும். ‘ஹை’ போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பார்க்கிங் விளக்கு மட்டும் போதாது. புதிய கார்களில் பகலில் முன்னால் எரியும் சிறு விளக்கை நம்பி ஓடுகிறவர்கள் பலர். பல மொடல்களில் அப்போது பின் விளக்கு எரிவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு சிக்னலையும் போடாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்கள் என்று பின்னால் வருபவர் எண்ணி முந்துவார். நீங்கள் திரும்பும்போது காட்ட சிக்னலும் இருக்காது. குருட்டு வளைவுக்கு முன் ஒருமுறை ஹோர்ன் அடித்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பதில் வருகிறதா என்று கேளுங்கள். பெரிய பஸ்கள் வளைவு முழுவதையும் எடுத்துத் திரும்பும். அவற்றுக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

ஒன்பது பேரின் மூச்சும் நனைந்த குடைகளும் சேர்ந்தால் உட்கண்ணாடி நிமிடத்தில் மங்கிவிடும். ஏசியைப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். உட்காற்றையே சுழலவிட்டால் ஈரம் வெளியேறாது. கண்ணாடியின் வெளிப்புறம் மங்கினால் அது வேறு: ஏசி கண்ணாடியை மிகவும் குளிரவைத்துவிட்டது. வைப்பரை ஒருமுறை ஓட்டி வெப்பத்தைக் கூட்டினால் சரியாகும்.

நானுஓயாவில் வழிகாட்டிச் செயலி றதெல்ல குறுக்கு வீதியைக் காட்டக்கூடும். எடுக்காதீர்கள், செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரி 20 அன்று அங்கே பஸ் ஒன்று வானுடன் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். பிரதான ஏ7 வீதியிலேயே போங்கள், தூரம் கூடினாலும்.

நீர்வீழ்ச்சிகளில் ஜூலையில் குளிக்க இறங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மூட்டம் இருக்கும்போது மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தெளிந்த நீர் கலங்கிப் பழுப்பாவது, இலையும் சுள்ளியும் வருவது, இரைச்சல் திடீரென்று மாறுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குக் கீழேதான் சென் கிளேயர் இருக்கிறது. கடும் மழையில் அணையின் வான்கதவு திறந்தால் ஆறு சடுதியில் பெருகும். சைரன் ஒலித்தால் ஆற்றுப்பக்கம் போகவே கூடாது. 97 மீற்றர் உயர டெவோனையும் 80 மீற்றர் உயர சென் கிளேயரையும் வீதியோரப் பார்வையிடத்திலிருந்தே முழுதாகப் பார்க்கலாம். மேகம் மறைத்திருந்தால் இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். காற்றில் மேகம் இடைவெளி விட்டு விலகுவது வழமை.

இறம்பொடையில் அருவியின் அடிக்குப் போகும் படிகள் செங்குத்தானவை, ஈரத்தில் வழுக்கும். அம்மா அப்பா வீதி மட்டத்திலிருந்தே பார்க்கட்டும். அங்குள்ள சுரங்கப்பாதை 225 மீற்றர் நீளம். ஈரக் கண்ணாடியோடு இருளுக்குள் நுழைவதால் முன்பே வேகத்தைக் குறையுங்கள். கண்டியைவிட நுவரெலியா 8, 9 பாகை குளிராக இருக்கும். நனைந்த உடம்புக்குக் காற்று இன்னும் உறைக்கும். முதியவர்களுக்குக் காதை மூடும் தொப்பி, எல்லோருக்கும் மாற்றுக் காலுறை, இழுப்பு உள்ளவர்களுக்குப் பம்ப் கைக்கெட்டும் இடத்தில். புல்லில் இறங்கினால் அட்டை ஏறும். உப்புத் தண்ணீரோ சவர்க்காரமோ தடவினால் விழுந்துவிடும்.

பயணத்தை நிறுத்த வேண்டிய காரணம் பனிமூட்டத்தைவிட மண்சரிவுதான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இந்த மலைகளில் பல இடங்களில் சரிவுகளை உடைத்துவிட்டது. அப்படி உடைந்த மண் அடுத்த மழைகளிலும் இளகும். முதல் நாள் இரவும் புறப்படும் காலையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். உடபலாத்த, கொத்மலை, நுவரெலியா, தலவாக்கலை, அம்பகமுவ உட்பட உங்கள் பாதையில் வரும் எல்லாப் பிரதேச செயலகப் பிரிவுகளையும் பாருங்கள். மஞ்சள் என்றால் மழை தொடர்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் போகாதீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு முதல் எச்சரிக்கை, 100இல் இரண்டாவது, 150இல் வெளியேற்றம் என்பதே அடிப்படை அளவு. வழியில் மேட்டுப்பக்கத்திலிருந்து சேற்று நீர் புதிதாக ஊறினாலோ, சிறு கற்கள் உருண்டு வந்தாலோ, மரமும் கம்பமும் சாய்ந்திருந்தாலோ அந்த இடத்தில் நிற்காதீர்கள். கடந்து போகாமல் வந்த வழியே திரும்புங்கள்.

நுவரெலியாவை அடைந்தபின் ஹட்டன் பக்கம் கடும் மழை என்று அறிந்தால், கிழக்கே ஹக்கலை தாண்டி வெலிமடைப் பக்கம் போங்கள். தென்மேற்குப் பருவத்தில் மேகம் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுவதால் ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்தும் காற்றாகவும் இருக்கும். அன்று அருவி குறையும், ஆனால் பிள்ளைகளுக்கு வெயில் கிடைக்கும். அப்படிப் போனால் அன்றிரவு மலையிலேயே தங்குங்கள். மாலையில் இறம்பொடைப் பக்கமாக இறங்காதீர்கள். வீதி மூடப்பட்டதா என்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டறியுங்கள். அனர்த்தத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுந்துவிடும் என்பதால் இந்த இலக்கங்களைத் தாளில் எழுதி வானில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள். கண்டி விடுதியிலும் உங்கள் பாதையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவையுங்கள்.