ஐம்பதுக்குப் பிறகு வேலை மாறலாமா? ஓய்வூதியம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் 1999 முதல் பணியாற்றுகிறேன். வயது 52. தனியார் நிறுவனம் ஒன்று கூடுதல் சம்பளத்துக்கு அழைக்கிறது. ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் போய்விடுமா?

பதில்: போய்விடும். ராஜினாமா ஏற்கப்பட்டால், அதுவரையிலான பணிக்காலம் முழுவதையும் இழக்க நேரிடும். ஆனால் 2004 ஜனவரி 1-க்கு முன்பே சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் உங்களுக்கு 20 ஆண்டுத் தகுதிப் பணிக்காலம் நிறைவடைந்திருப்பதால், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். அப்போது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகவும், அதன் மேல் அகவிலை நிவாரணமும் கிடைக்கும். சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் எப்படி வருகின்றன என்பதைப் பணிப்பதிவேட்டில் முதலில் சரிபாருங்கள். நீங்கள் குரூப் 'ஏ' அதிகாரியாக இருந்தால், ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலையில் சேர அரசின் முன் அனுமதி வேண்டும்.

உங்கள் உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 60 வயது வரை வரக்கூடிய ஊதிய உயர்வுகளால் ஓய்வூதியம் எவ்வளவு பெருகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டு, புதிய சம்பளத்தை அதனோடு ஒப்பிடுங்கள். இன்றைய சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் 4 ஆண்டு 4 மாதம் முடிந்திருக்கிறது. உடனே மாறினால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைக்குமா?

பதில்: நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி அவசியம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால், ஐந்து ஆண்டுக்கு (60,000 × 15 ÷ 26 × 5) சுமார் 1,73,000 ரூபாய் வரும். எட்டு மாதம் காத்திருக்கப் புதிய நிறுவனம் சம்மதிக்காவிட்டால், இந்தத் தொகையை ஈடுகட்டும் போனஸைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதித் தரக் கேளுங்கள். கிராஜுவிட்டிக்கு உச்சவரம்பு வரை வரிவிலக்கு உண்டு, போனஸுக்குக் கிடையாது என்பதால் சற்றுக் கூடுதலாகவே கேட்க வேண்டும்.

கேள்வி: வயது 53. பழைய நிறுவனத்தில் 7 ஆண்டு பி.எஃப். இருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், புதிய கணக்குக்கு மாற்றுங்கள். பி.எஃப். கணக்கோடு சேர்ந்த ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிட்டால் அந்த 7 ஆண்டு அழிந்துவிடும். 58 வயதுக்குள் மாதாந்திர ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டு சேராது. மாற்றினால் 12 ஆண்டாகி, ஓய்வூதியக் கணக்குக்கான 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் (15,000 × 12 ÷ 70) மாதம் சுமார் 2,571 ரூபாய் கிடைக்கும். சிறிய தொகைதான், ஆனால் ஆயுள் முழுதும் வருவது. உங்களுக்குப் பின் துணைவருக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு.