பதில்: டி'குரூஸ் என்று தேடினால் மட்டும் பிழை வருகிறது

களியக்காவிளை மீன்கடை பில்லிங்கில் மற்ற பெயரெல்லாம் வருது, டி'குரூஸ் அடித்தால் மட்டும் சின்டாக்ஸ் எரர் (கட்டளையின் அமைப்பு தப்புங்கிற பிழை) வருதுன்னு எழுதியிருக்கீங்க. பைத்தான் நிரல்மொழியும் எஸ்கியூலைட் டேட்டாபேஸும் சரியாத்தான் இருக்கு நண்பரே. பெயரை + போட்டு வினவலோட, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்புற கட்டளையோட, ஒட்டியிருக்கீங்க, அதுதான் கோளாறு. பெயருக்குள்ள இருக்கிற ஒற்றை மேற்கோளைப் பார்த்ததும் பெயர் முடிஞ்சிட்டுன்னு டேட்டாபேஸ் நினைக்குது. மிச்சமுள்ள 'குரூஸை' கட்டளையா வாசிக்கப் பார்க்குது. நம்ம கடலோர ஊர்களில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு உண்டு, அதனால தள்ளிப்போடாதீங்க.

அந்தக் குறியை அழிச்சிட்டுச் சேமிக்கவே வேண்டாம். அது அவங்க பெயர்.

வினவலில் பெயர் வரும் இடத்தில் வெறும் ? போடுங்க, அதைச் சுத்தி மேற்கோள் கூடாது. பெயரை, வினவலை ஓட்டுற எக்ஸிக்யூட்டின் இரண்டாவது மதிப்பா (பெயர்,) என்று டியூப்பிளாக, அதாவது அடைப்புக்குள்ள வர்ற மதிப்புப் பட்டியலா, கொடுங்க. அந்தக் காற்புள்ளியை நான் விட்டுட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன்: காற்புள்ளி இல்லேன்னா ஒவ்வொரு எழுத்தையும் தனி மதிப்பா எண்ணும்; பெயரை ஆங்கிலத்தில் (D'Cruz) அடித்தால் குறியோட 6 எழுத்து, "கேட்டது 1, தந்தது 6"ங்கிற மாதிரி பிழை வரும்.

பெயரின் ஒரு பகுதியை மட்டும் வச்சுத் தேடுற லைக் தேடலுக்கு % குறியை ?-ஐச் சுத்திப் போடாம, பெயரோடவே சேர்த்து அனுப்புங்க. டேபிள் பெயருக்கு ? செல்லாது.

கடன் பாக்கிப் பக்கத்திலும் இதே ஒட்டுவேலை இருந்தா இன்னைக்கே மாத்துங்க. தேடல் பெட்டியில் ' ஆர் '1'='1 என்பதை ஆங்கிலத்தில் (' OR '1'='1) அடிச்சா, 1=1 எப்பவும் உண்மைங்கிறதால எல்லாருடைய பாக்கியும் திரையில் வந்துடும்.