எஞ்சினைக் கழுவினேன், கார் கிளம்பவில்லை: கேள்வி பதில்

கேள்வி: பழைய கார், பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் அனுப்பும் பாகம்). நேற்று எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். இன்று செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் எந்த ஸ்க்ரூவையும் திருப்பியிருக்காது. நேற்று சரியாக இருந்த அளவுகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. புதிதாக வந்திருப்பது ஈரம். அது முதலில் போய் உட்காரும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம். பேட்டரியின் வோல்ட்டைக் கூட்டித் தரும் காயிலிலிருந்து வருவது பல ஆயிரம் வோல்ட். மெல்லிய நீர்ப்படலம் கிடைத்தாலே போதும், அது பிளக் வரை போகாமல் பாதியிலேயே இறங்கிவிடும். சாவியை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றி, நூல் உதிராத துணியால் உள்ளே துடையுங்கள். மூடிக்குள் சுற்றும் ரோட்டாரையும் உருவித் துடையுங்கள். மூடியின் நடுவிலுள்ள சின்னக் கார்பன் முனை பத்திரம். தொலைத்துவிட்டுத் தேடியவர்களில் நானும் ஒருவன். பாயிண்ட் முனைகளுக்கு நடுவே சுத்தமான தாளைச் செருகி இழுங்கள். பிளக் வயர்களின் இரு நுனிகளையும், காயிலின் தலையையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் துடைத்தேன். ஸ்பார்க் வருகிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை.

பதில்: செல்ஃபை அடித்து அடித்தே பிளக்கைப் பெட்ரோலில் நனைத்திருப்பீர்கள். பிளக்கைக் கழற்றும் முன் அதன் குழியில் தேங்கிய நீரைக் காற்றால் ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் இறங்கும். பிளக்குகளைக் காயவைத்து மாட்டி, சோக்கை (பெட்ரோல் கலவையைக் கூட்டும் இழுப்பான்) இழுக்காமல் முயலுங்கள்.

கேள்வி: துடைப்பதற்காக வயர்களை எல்லாம் உருவினேன். மாட்டிய பிறகு கார்புரேட்டர் வழியாக ‘படார்’ என்று வெடிக்கிறது.

பதில்: வயர் இடம் மாறிவிட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் சிலிண்டர்கள் பற்றுவது பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில், சிலவற்றில் 1-2-4-3; வயர்களையும் அந்த வரிசையில்தான் மாட்ட வேண்டும். ரோட்டார் சுற்றும் திசையும் காருக்குக் கார் வேறுபடும். ஊகிக்காமல் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளே ‘நீரை அகற்றுதல்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான். மூடியின் உட்புறம் லேசாக அடித்துத் துடைத்துவிடுங்கள். பாயிண்ட் மேல் படவேண்டாம். எரியக்கூடிய பொருள், ஆவி போன பிறகே சாவியைத் திருப்புங்கள்.

கேள்வி: காய்ந்த பிறகு ஓடுகிறது. ஆனால் காற்றில் ஈரம் கூடினால் மறுபடியும் திணறுகிறது.

பதில்: மூடியின் உள்ளே பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? மின்சாரம் தனக்கென்று போட்டுக்கொண்ட பாதை அது, துடைத்தால் போகாது. மூடியை மாற்றுங்கள். கோடு இல்லையென்றால் இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வயர்களைப் பாருங்கள். கசிகிற இடத்தில் நீலப் பொறி துள்ளும்.

கேள்வி: எனக்கு செல்ஃபே சுற்றவில்லை. ‘டக்’ என்று நின்றுவிடுகிறது.

பதில்: முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் இறுக்கிப் பாருங்கள். ஆனால் காற்று வடிகட்டியின் வாயில் தண்ணீர் போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், மறுமுறை சாவியைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பிறகு சுற்றுங்கள், உள்ளே நீர் இருந்தால் துளை வழியாகப் பீய்ச்சும்.

கேள்வி: அடுத்த முறை எப்படிக் கழுவுவது?

பதில்: எஞ்சின் ஆறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், கார்புரேட்டர் வாய் மூன்றுக்கும் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டு. நான் தண்ணீரே அடிப்பதில்லை. மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும்.