கைவிடப்பட்ட ஓர் அணி மீண்டு வந்து இறுதித் தொடரை வென்றதை நேரடியாகப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நேரம் எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன். 2016 ஜூன் 20, திங்கட்கிழமை காலை, இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில். அமெரிக்காவில் அப்போது 19ஆம் திகதி இரவு. என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், கிளீவ்லாந்து கவாலியர்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும்.

எங்கள் பக்கத்தில் கூடைப்பந்து என்று சொன்னால் "வலைப்பந்தா?" என்று கேட்பார்கள். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரிந்த அளவுக்கு, கிளீவ்லாந்தின் நட்சத்திரம் லெப்ரோன் ஜேம்ஸைத் தெரியாது. எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கியது அண்ணன். கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தான். அவன் வாரியர்ஸ் பக்கம். அந்த வருடம் அவர்கள் 82 ஆட்டங்களில் 73இல் வென்றிருந்தார்கள், அதுவரை யாரும் எட்டாத கணக்கு. நான் லெப்ரோன் பக்கம். ஒஹாயோவில் பிறந்தவர், 2010இல் கிளீவ்லாந்தை விட்டு மியாமிக்குப் போனபோது ஊரே கொதித்தது. 2014இல் திரும்பி வந்தார். வெளியூருக்குப் பிழைக்கப் போன ஆள் இல்லாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. திரும்பி வந்து காட்டிய ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

இறுதித் தொடரில் ஏழில் நான்கு ஆட்டம் வென்றால் பட்டம். நான்கு ஆட்டம் முடிந்தபோது கிளீவ்லாந்து 3-1 என்று பின்னால். இரண்டாவது ஆட்டத்தில் மட்டும் 33 புள்ளி வித்தியாசத்தில் அடி வாங்கியிருந்தது. இறுதித் தொடரில் அந்த இடத்திலிருந்து எந்த அணியும் அதற்கு முன் மீண்டதில்லை. அண்ணன் கோல் எடுத்து, "முடிஞ்சிருச்சுடா தம்பி, இனி வெள்ளன எழும்பாத, தூங்கு" என்றான்.

நான் எழும்பினேன். ஐந்தாவதில் லெப்ரோனும் அவர் அணியின் கைரி ஏர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி. வாரியர்ஸின் ட்ரேமண்ட் கிரீனுக்கு அன்று ஆடத் தடை, அதனால்தான் வென்றார்கள் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். ஆறாவதில் கிரீன் இருந்தாரே? அதிலும் லெப்ரோனுக்கு 41, வெற்றி 14 புள்ளியில்.

அப்புறம் ஏழாவது. ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கும்போது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனார். வெளியே மழை. மழை பிடித்தால் எங்கள் டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும்.

கடைசிக் கால்பகுதியில் 89-89. நேரம் ஓடுகிறது, புள்ளி மாறவில்லை. படம்தான் நின்றுவிட்டதோ என்று எழுந்து டீவியைத் தட்டினேன். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுமார் மூன்றே முக்கால் நிமிடம் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஒரு சீசன் முழுக்கப் புள்ளியை மழையாகக் கொட்டிய அணி வாரியர்ஸ், அவர்களின் ஸ்டெஃபன் கரி எறிந்தாலும் கிளே தாம்சன் எறிந்தாலும் உள்ளே போகவில்லை. இந்த மீட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் எறிந்து விழுத்தியதைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த வெறும் நிமிடங்கள்தான் ஆட்டம்.

அதற்குள்தான் லெப்ரோனின் அந்தத் தடுப்பு. வாரியர்ஸின் இக்வோடாலா வேகமாக ஓடிப்போய்ப் பந்தை வளையத்துக்குத் தூக்கிவிட்டார், பின்னாலிருந்து பறந்து வந்த கை அதைப் பலகையோடு அடித்து நிறுத்தியது. நான் கத்தியதில் பக்கத்துக் காம்பராவில் சுவரைத் தட்டினார்கள். 53 விநாடி இருக்கும்போது கைரி, கரியின் முகத்துக்கு நேரே எறிந்து மூன்று புள்ளி எடுத்தார். 92-89.

சரி, இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பந்து கரியிடம். எதிரில் கிளீவ்லாந்தின் கெவின் லவ். தொடர் முழுக்க, தடுக்கத் தெரியாதவர், வேகம் போதாதவர் என்று வாங்கிக்கட்டிக்கொண்ட ஆள். உலகத்திலேயே சிறந்த எறிகாரர் இடது வலது என்று ஏமாற்றிப் பார்க்கிறார், லவ் கையைத் தூக்கிக்கொண்டு கூடவே நகர்கிறார், ஒரு அடி விலகவில்லை. எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

லெப்ரோன் ஒரு தனி எறிவைப் போட்டு 93-89. அவருக்கு 27 புள்ளி, உள்ளே விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்த மீள்பந்து 11, கூட்டாளி புள்ளி எடுக்கப் பந்து கொடுத்த கைமாற்று 11. 1964க்குப் பிறகு கிளீவ்லாந்து நகருக்கு எந்தப் பெரிய விளையாட்டிலும் கிடைக்காத பட்டம். அவர் தரையில் முகம் புதைத்து அழுதபோது நானும் அழுதேன்.

எட்டரை மணிக்கு அண்ணன் கோல் எடுத்தான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "லவ் நின்ன நிலையைப் பாத்தியாடா?"